என் பெயரில் ஓடியவன்

எங்கள் கன்டெய்னர் யார்டில் நாற்பத்தைந்து வயது தாண்டிய டிரைவர்களுக்கு வருஷம் ஒரு முறை டிரெட்மில் டெஸ்ட் உண்டு. நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஓடும் பட்டையில் ஓடவிட்டு, இதயக் குழாயில் அடைப்பு கிடைப்பு இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடிப்பார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது. ஆனால் ஓட முடியாமல் பாதியில் இறங்கினாலும் யார்டுக்குள் நுழையக் கேட் பாஸ் கிடையாது. எனக்கு ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் டிரெய்லர் கிளட்ச்சை மிதித்ததில் இடது முட்டி எப்போதோ போய்விட்டது. வியாசர்பாடி குடியிருப்பில் மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறவன் எங்கே ஓடுவது?

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பக்ருதீன். கன்டெய்னர் மேல் ஏறிக் கொக்கி மாட்டுகிற வேலை அவனுக்கு. வயது நாற்பத்துநான்கு, ஆள் ஒல்லி. அவனுக்கு இன்னும் டெஸ்ட் கிடையாது என்பதால் எங்களில் நாலைந்து பேருக்கு அவன்தான் ஓடுவான். லேபில் பாஸ் ஜெராக்ஸ்தான் கேட்பார்கள். ஜெராக்ஸில் எல்லார் முகமும் ஒரே கறுப்பு. செங்குட்டுவன் என்று என் பெயரைக் கூப்பிட்டால் பக்ருதீன் எழுந்து போவான். திரும்பி வந்ததும் ஒரு பிரியாணி, ஒரு டீ. மூன்று வருஷம் என் பெயரில் ஓடி மூன்று வருஷமும் பாஸ்.

இந்த வருஷம் ஆறாவது நிமிஷத்திலேயே மெஷினை நிறுத்திவிட்டார்கள். அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோ பார்க்க வேண்டும் என்று ரிப்போர்ட் வந்தது, என் பெயரில். அன்றைக்கே யார்டு ஆபீசில் என் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எதிரே வந்தவர்களெல்லாம் என் தோளைத் தொட்டு, பார்த்து இருந்துக்கோ என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்ருதீன் டீக்கடையில் சிரித்தான். "மிஷினு டப்பா நைனா. நீ போய் ஆஞ்சியோ எடுத்துக்கோ. உன் நெஞ்சுல ஒண்ணும் இருக்காது. பேப்பரை வாங்கிக்கினு வந்து பாஸை வாங்கிக்கோ. இதுக்குப் போய் இன்னாத்துக்குப் பேஜாரு?"

கணக்கு சரிதான். என் மனைவி ரமாபாயும் அதையேதான் சொன்னாள். நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், எனக்கும் அதுதான் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் மோகனப்ரியா சின்ன வயசுக்காரி. ரிப்போர்ட்டை மூன்று தரம் புரட்டினாள். ஓடும்போது நெஞ்சு இறுகியதா, தாடை வரைக்கும் வலி வந்ததா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? "இப்பவே தெரிஞ்சது உங்க நல்ல நேரம். விட்டிருந்தா ஒரு நாள் வேலை செய்றப்பவே விழுந்திருப்பீங்க" என்றாள்.

அடுக்கி வைத்த மூன்று கன்டெய்னர் உயரத்தில் பக்ருதீன் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"மேடம், அது என் நெஞ்சு இல்ல."

முழுவதையும் சொன்னேன். என் பெண் வயசு இருக்கும், அப்படித் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, அந்த ஆளை உடனே கூட்டி வாருங்கள் என்றாள்.

வண்ணாரப்பேட்டையில் அவன் வீட்டுக்கே போனேன். அவன் மனைவி ஷரீஃபுன்னிசா எதிரில்தான் சொன்னேன். இரண்டு மாசமாக வாயு மாத்திரையாக விழுங்குகிறார், தண்ணிக் குடம் தூக்கி வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்றாள். அவன் அவளை அதட்டினான். பிறகு என்னிடம் கெஞ்சினான். வெளியே தெரிந்தால் பாஸ் போய்விடும், மகள் ஃபரா காலேஜில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள், வாயுத் தொல்லைக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்றான். இரண்டு மணி நேரம் மாறி மாறிப் பேசினோம். எங்கே சுற்றினாலும் பேச்சு பாஸில் வந்து நின்றது.

மறுநாள் காலை யார்டு ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாஸுக்காகத்தானே வர மாட்டேன் என்கிறான். பாஸே இல்லை என்றால் எதைச் சொல்லி மறுப்பான்? சூப்பர்வைசர் ஆச்சரியப்படக்கூட இல்லை. அவனைக் கூப்பிட்டனுப்பி, அவன் பாஸையும் வாங்கி என் பாஸ் மேலேயே வைத்தார்.

"ரெண்டு வூட்டு அடுப்பையும் ஒரே நாள்ல அணைச்சிட்டு வந்துகீற" என்றாள் ரமாபாய். அவள் சொன்னதில் தப்பில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே படுத்துவிட்டேன்.

நாலாம் நாள் ஷரீஃபுன்னிசா அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். நானும் போயிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு, ஒன்று தொண்ணூறு சதவீதம். மறுநாளே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஷரீஃபுன்னிசா அழுதாள். நானும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று அழுதேனா, என் பெயரிலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அழுதேனா, தெரியவில்லை.

மறுநாள் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, "பக்ருதீன், பக்ருதீன்" என்று இரண்டு தரம் பெயரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு நர்ஸ் தள்ளிப்போனாள். ஆபரேஷன் அறை வாசலில் அவன் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். ஐந்து நாளில் அப்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தான்.

"உன் பேர்ல ஓடறப்போ பயமே இல்ல நைனா. என் பேர்ல படுக்கறதுக்குத்தான் பயமா கீது."