முதலில் ஆடியது யார்

கனகத்தின் இரும்பு வார்ப்புப் பவுண்டரிக்கு நாளை மதியம் கரண்ட் கட். அந்தச் செய்தியை நேரில் போய்ச் சொல்ல வேண்டியவர் தொழிற்பேட்டை மேனேஜர் இராமச்சந்திரன். அவரோ ஒரு பேப்பரில் அச்சடித்து வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போனவள் முத்துச்செல்வி. போ என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் பேப்பரில் இருந்த காரணம் அவள் எழுதிய ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தது. எழுதிவிட்டு முகத்தை ஒளித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். ஒரகடத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தனியார் பேட்டைக்குச் சொந்தமாக ஒரு சப்ஸ்டேஷன் உண்டு. அங்கிருந்து ஐந்து கம்பெனிகளுக்குக் கரண்ட் பிரிகிறது. சில மாதங்களாகப் பேட்டை முழுக்க வோல்டேஜ் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. லைட் மங்கும், தெளியும், மறுபடி மங்கும். மூச்சு வாங்குகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். அதற்குள் கார் சீட் செய்கிற பெரிய கம்பெனியில் ரோபோக்கள் தூக்கிய கையோடு நின்றுபோகும். அவர்கள் கத்தினார்கள். பெரிய இடம் கத்தினால் நிர்வாகத்துக்குக் காது நன்றாகவே கேட்கும்.

முத்துச்செல்வி வேலை பார்க்கும், கரண்ட் கோளாறு கண்டுபிடிக்கும் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். அவள் ஐந்து இடத்திலும் தலா ஒரு சென்சார் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கடிகாரம், கூரைமேல் ஒரு சின்ன ஆன்டெனா. ஐந்து கடிகாரமும் சாட்டிலைட்டைக் கேட்டுக் கேட்டு ஒரே நேரத்தைச் சொல்லும், இம்மி பிசகாது. ஐந்து பேர் கும்மியடித்தால் கண்ணுக்கு எல்லோரும் சேர்ந்து தட்டுவதாகத்தான் தெரியும். ஆனால் ஒருத்தியின் கை முந்தியிருக்கும். மற்றவர்கள் அவளைத் தொடர்ந்திருப்பார்கள். அந்த முந்திய கை யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஏற்பாடும். சென்சார்கள் கனகத்தின் பவுண்டரியைக் காட்டின. இரும்பு உருக்குகிற ஃபர்னஸ் ஓடும் இடம், கேட்க வேண்டுமா, எல்லோரும் உடனே நம்பினார்கள். 'கோளாறு சரியாகும்வரை இணைப்பைத் துண்டிக்கப் பரிந்துரைக்கிறோம்' என்று முத்துச்செல்வி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

கனகம் பவுண்டரி வாசலில் நின்றிருந்தாள். ஐம்பதைத் தொட்ட வயது, உள்ளூர்க்காரி, புருஷன் போன பிறகு பத்துப் பதினைந்து ஆட்களை வைத்துத் தனியாகத் தொழிலை இழுத்துக்கொண்டு வருகிறவள்.

"வாம்மா. அந்தப் பொட்டிய வெக்க வந்தப்போ டீ வாங்கிக் குடுத்தேனே, அதுக்கு மரியாதையா இது?"

"அக்கா, மெஷின் காட்டினதத்தான் நான் எழுதினேன்."

"மிஷினு இன்னா காட்டிச்சி? என் ஃபர்னஸு ஆடுதுன்னா? போன செவ்வாக்கெழம லைட்டு ஆடிச்சே, அது காட்டலியா உன் மிஷினு? அன்னிக்கு என் ஃபர்னஸு ஓடவே இல்ல. உள்பக்கத்து லைனிங் பூச்ச இடிச்சிக்கினு இருந்தோம். நம்பலன்னா உச்சிமாகாளியக் கேளு."

உச்சிமாகாளி ஃபர்னஸ் பார்த்துக்கொள்கிறவன், நாங்குநேரிப் பக்கத்துக்காரன். முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே வந்தான். "ஆமா மேடம். நான்தான் உள்ள எறங்கி லைனிங் இடிச்சேன். ஓடுத ஃபர்னஸுக்குள்ள எவனாது எறங்குவானா, சொல்லுங்க."

"ஒரு வாரம் நின்னா என்கிட்ட சரக்கு எடுக்குற பம்ப் கம்பெனிக்காரன் வேற எடம் பாத்துப்பான்," என்றாள் கனகம். "அப்புறம் நான் ஷட்டர இழுத்துட்டு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். இதுங்கள்லாம் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அத்தயும் உன் ரிப்போட்டுல எழுதிக்கோ."

முத்துச்செல்வி ஒரு மோல்டிங் பெட்டியின்மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமையை எடுத்தாள். கனகம் சொன்னது அப்படியே இருந்தது. ஃபர்னஸ் துளி கரண்ட் இழுக்கவில்லை. ஆனால் நடு மதியத்தில் ஆட்டம் வந்திருக்கிறது. அன்றைக்கும் முதலில் ஆடியது இந்த இடம்தான் என்று சென்சார் சாதித்தது. ஓடாத உலை ஊரையே ஆட்டி வைத்ததாம்.

சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் கம்பெனி ஆபீசில் இருந்த தன் டீம் லீடர் யாக்கோபுவுக்குப் போன் போட்டாள்.

"ரிப்போர்ட் போயாச்சும்மா. இப்ப போய் சென்சார் தப்புன்னா நம்மள எவன் மதிப்பான்? அடுத்த பேட்டை ஆர்டர் கைக்கு வர்ற நேரம்."

"ஓடாத உலை எப்படி சார் ஆடும்?"

"ஏதோ ஒரு நாள் கோளாறா இருக்கும். அடுத்த வாரம் பாக்கலாம்."

"நாளைக்கு மதியம் கட் பண்ணிருவாங்க சார்," என்றாள் அவள். அவளே போனை வைத்தாள். அடுத்த வாரமாம், நல்ல கதை.

முதலில் ஆடியதாகக் காட்டுவது கடிகாரத்தின் வேலை. ஆகவே கோளாறு கடிகாரத்தில். பவுண்டரி ஆபீஸ் கட்டடத்தின் இரும்பு ஏணியில் மொட்டைமாடிக்கு ஏறினாள். ஆன்டெனா நின்ற மூலையில் ஆன்டெனாவைக் காணோம். அதன்மேல் ஒரு பெரிய அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஆன்டெனா சந்தனமும் குங்குமமும் அப்பி, வாடிய சாமந்திச் சரத்தோடு சாமி மாதிரி நின்றது.

"அக்கா, இது யாரு வச்சது?"

"நான்தான்," என்று கீழேயிருந்து கூசாமல் பதில் வந்தது. "ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சோம். அதுவும் மிஷினுதான? அத்த மட்டும் வுட்டா அதுக்குக் கோவம் வராதா? மழ பேஞ்சா பொட்டு கரைஞ்சிடும்னு குண்டானக் கவுத்தேன்."

முத்துச்செல்விக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. அலுமினியத்துக்கு அடியில் சாட்டிலைட் எட்டாது. பூஜை நாளிலிருந்து இந்தக் கடிகாரம் யாரையும் கேட்காமல் தன் போக்கில் ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியிருக்கிறது. பின்தங்கிய கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பவன், எல்லோரோடும் சேர்ந்து வந்தாலும் தான்தான் முதலில் வந்தேன் என்பான்.

சாட்டிலைட் விட்டுப்போனால் சென்சார் அவள் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அனுப்பித்தான் இருக்கும். வைத்த புதிதில் சீட் கம்பெனி சென்சாரில் ஒரு கனெக்டர் லூசாகி, மெசேஜ் வந்து வந்து உயிரை எடுத்தது. எரிச்சலில் ஐந்துக்கும் சேர்த்து மெசேஜை அணைத்தாள். கனெக்டரைச் சரி செய்தவள் மெசேஜைத் திரும்பப் போட மறந்தாள். அந்தப் பொட்டு வைத்த கையைவிடத் தன் கைதான் பெரிய தப்பு செய்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே இறங்கி வந்து கனகத்திடம் ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது.

கனகம் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆக, நாம ரெண்டு பேரும் சேந்துதான் என் கடைய மூடப் பாத்துக்கினு இருந்தோம். சரி வுடு, அழுவாத. நாளிக்கு இன்னா பண்ணப் போற, அத்த சொல்லு."

முத்துச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே இராமச்சந்திரனிடம் போனாள். தன் ரிப்போர்ட் தப்பு என்று நின்றவாக்கில் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இவங்க இல்லன்னா வேற யாரு? அதச் சொல்லுங்க. சீட் கம்பெனி ஜி.எம். தினம் என் உயிர வாங்குறார். யாரையும் காட்டாம, இவங்க இல்லன்னு மட்டும் சொன்னா நான் என்ன பண்றது? நாளைக்கு மதியம் வரைக்கும் டைம். அதுக்கு மேல என்கிட்ட வராதீங்க."

அன்று மாலை அவள் பழைய ஆட்டங்களை எல்லாம் வரிசையாக விரித்துப் பார்த்தாள். கடிகாரத்தை விட்டுவிட்டு, எப்போது வந்தது என்று மட்டும் பார்த்தாள். இரவில் ஒன்றுகூட இல்லை. மழை நாளில் இல்லை. எல்லாம் வெயில் கொளுத்திய மதியங்கள். பேட்டையில் கூரை முழுக்க சோலார் போட்டவர்கள் ஒரே ஒருவர்தான், அதுவும் இந்த வருஷம்தான். கத்திக்கொண்டிருந்த அதே சீட் கம்பெனி. சந்தேகம் பலமாக இருந்தது, ஆனால் சந்தேகத்தை வைத்து இன்னொரு ரிப்போர்ட் எழுத அவள் தயாராக இல்லை. குண்டானை எடுத்துவிட்டாள், ஐந்து கடிகாரமும் இப்போது சரி. ஒரே ஒரு ஆட்டம் வந்தால் போதும். அதற்கு வெயில் வேண்டும்.

விடிந்தால் வானம் கறுத்துக் கிடந்தது. கம்பெனி பஸ்கள் சேற்றை வாரியடித்துக்கொண்டு போயின. கனகம் அன்று ஃபர்னஸில் ஒரு துண்டு இரும்பு போடவில்லை. மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சென்சார் அதற்கு முன்னாலேயே, லைன் உள்ளே வரும் இடத்தில் இருந்தது. "இப்ப என் கையில கரண்டே இல்ல. இதுக்கு மேல ஆடுனா எவன் ஆட்டுறான்னு பாத்துக்கலாம்," என்றாள்.

மதியம் இராமச்சந்திரன் எலக்ட்ரீஷியனோடு வந்தார். எலக்ட்ரீஷியன் கையில், துண்டித்த இணைப்பை யாரும் திரும்பப் போடாமல் இருக்க வைக்கும் ஈயச் சீலும் கம்பியும் குறடும். முத்துச்செல்வி மீட்டர் அறை வாசலில் லேப்டாப்போடு நின்றாள். திரையில் ஐந்து கோடுகள் அசையாமல் படுத்திருந்தன. மழை நின்றிருந்தது, மேகம் விலகவில்லை.

"கொஞ்சம் வெயில் வரட்டும் சார்."

"வெயிலுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்க முடியுமாம்மா? நான் சொன்ன டைம் முடிஞ்சது."

கனகம் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்து மீட்டர் அறை வாசலை அடைத்துப் போட்டு, அதில் அழுத்தமாக உட்கார்ந்தாள். "நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன். சீலு வெக்கணும்னா என்னத் தாண்டிக்கினு போ சார்."

பின்னால் உச்சிமாகாளியும் மற்ற ஆட்களும் வந்து நின்றார்கள். எலக்ட்ரீஷியன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாண்டுவதா, திரும்புவதா என்று அவருக்கே புரியவில்லை. இப்படி எல்லோரும் நின்றுகொண்டே இருக்க, வல்லக்கோட்டைப் பக்கம் மேகம் கிழிந்து வெயில் சுள்ளென்று இறங்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு கோடு நெளிந்தது. அதைப் பார்த்து இன்னொன்று, இன்னொன்று. கேட்டில் வாட்ச்மேன் அறை லைட் மங்கித் தெளிந்தது.

"வந்துட்டு," என்றான் உச்சிமாகாளி.

முத்துச்செல்வி லேப்டாப்பை மேனேஜரிடம் திருப்பினாள். "முதல்ல ஆடினது யாருன்னு நீங்களே பாருங்க சார். சீட் கம்பெனி. அக்கா நாலாவது."

"போன தடவையும் உங்க சென்சார் ஒரு பேரச் சொல்லிச்சு."

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காக அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "அப்ப சென்சார நம்பாதீங்க. அவங்க சோலார ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. ஆட்டம் நிக்கலன்னா இந்தச் சீல நானே வைக்கிறேன்."

இராமச்சந்திரன் தயங்கினார். பெரிய இடத்துக்குப் போன் போட்டு நிறுத்து என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. சேரில் இருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போட்டார். மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார். திரையில் ஐந்து கோடுகளும் தொப்பென்று படுத்துக்கொண்டன. திரும்பப் போடச் சொன்னார். ஐந்தும் எழுந்து ஆடின, சீட் கம்பெனி முன்னால். மறுபடி நிறுத்தச் சொன்னார். படுத்துக்கொண்டன. அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது.

"சோலார் இன்வெர்ட்டர் செட்டிங் தப்பு சார்," என்றாள் முத்துச்செல்வி. "இந்தப் பேட்டை லைனுக்கு ஏத்த மாதிரி வைக்கல. போட்ட ஆளுங்க வந்து மாத்தணும்."

கனகம் இன்னும் எழுந்திருக்கவில்லை. "அப்போ அவங்களுக்கு சீலு வெப்பியா சார்?"

"அதும்மா... அவங்க பெரிய கம்பெனி. ஒரு லெட்டர் போட்டு, எப்ப சரி பண்றீங்கன்னு கேட்டு..."

"எனக்கு லெட்டர் போட்டுக் கேட்டியா?"

முத்துச்செல்வி மீட்டர் அறைத் திண்டில் உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டைத் திறந்தாள். முதல் பத்தியை அழித்துவிட்டு, சென்சார் கடிகாரம் பின்தங்கியதையும் எச்சரிக்கையைத் தான் அணைத்து வைத்ததையும் தன் பெயர் போட்டே எழுதினாள். அடுத்து, கனகத்தின் பவுண்டரி இருந்த இடத்தில் சீட் கம்பெனியின் பெயர். யாக்கோபுவின் போன் வந்தது. விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது.

"'செட்டிங்கை மாற்றக் கேட்டுக்கொள்கிறோம்'னு எழுதும்மா, போதும். துண்டிக்கணும்னு எல்லாம் அவங்களுக்கு எழுத வேண்டாம்."

"முடியாது சார்," என்றாள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டாள்.

இராமச்சந்திரன் தன் போனில் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். 'கோளாறு சரியாகும்வரை சோலார் இணைப்பைத் துண்டிக்கப் பரிந்துரைக்கிறோம்.'

"இந்த வரிய கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்."

"முன்னாடி எழுதினதும் இதே வரிதான் சார். சோலார்ங்கிறது மட்டும்தான் கூடுதல். அன்னைக்கு ஒரு எழுத்துகூட நீங்க மாத்தச் சொல்லலையே."

அவர் சுற்றிலும் பார்த்தார். பவுண்டரி ஆட்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. எலக்ட்ரீஷியனிடமிருந்து சீலையும் குறடையும் வாங்கித் தானே கையில் பிடித்துக்கொண்டு, சீட் கம்பெனி கேட்டை நோக்கி நடந்தார்.

கனகம் அப்போதுதான் சேரிலிருந்து எழுந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மெயின் ஸ்விட்ச் சாவியை உச்சிமாகாளி கையில் போட்டாள்.

"ஃபர்னஸப் போடு," என்றாள் அவனிடம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மேனேஜர் பின்னாலேயே வேகமாக நடந்தாள். "இரு சார், நானும் வரேன். சீலு எப்படி வெக்கிறாங்கன்னு நான் பாத்ததே இல்ல."