அறுபத்து மூன்று பொருள்களும் ஒரு கடலும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போனதால் பிறந்த கதையல்ல இது. இந்தக் கதை கேட்கப்பட்டதால்தான் கடலுக்குப் போகவே திட்டமிட்டோம். என் கணவருக்கு இது தெரியாது. (இந்த வரியைப் படிக்கும்போது தெரிந்துவிடும்.)

போன மாதம் ஒரு பத்திரிகையின் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். “மேடம், விடுமுறைச் சிறப்பிதழ் போடறோம். சின்னக் குழந்தைங்களைக் கட்டி மேய்ச்சுக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போற கஷ்டத்தைப் பத்தி, சிரிக்கச் சிரிக்க ஒரு கதை வேணும். உங்க வீட்டுலதான் ரெண்டு வாண்டு இருக்கே!”

“ஓ, நிறைய அனுபவம் இருக்கு” என்றேன்.

பெரியவளுக்கு ஆறு வயது, சிறியவனுக்கு மூன்றரை. இருவரும் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். போனை வைத்த கையோடு கடலோர விடுதி ஒன்றில் மூன்று நாளுக்கு அறை பிடித்தேன். சாயங்காலம் கணவர் வந்ததும், “பாவங்க, பசங்க இன்னும் கடலே பார்த்ததில்ல” என்று குரலைத் தழுதழுக்க வைத்தேன். நான் நல்ல நடிகையல்ல. அவர் நல்ல ரசிகர். “போலாமே” என்றார்.

பிறகு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “நீலக் கடல் விரிந்து பரந்து—” [பெயின்ட் கடை விளம்பரம். அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: “பொறுமையே உருவான ஒரு தாய் இருந்தாள்.” [சத்தமாகப் படித்துப் பார்த்தபோது பெரியவள் கேட்டாள்: “யாரும்மா அது? நமக்குத் தெரிஞ்சவங்களா?”]

மூன்றாவது தொடக்கம்: “அப்பாவை நம்பிக் கடற்கரைக்குப் போகாதீர்கள்.”

இது பிடித்துவிட்டது. வினை இங்கேதான் ஆரம்பித்தது.

2

கதை ஒரு பக்கம் வளர, பட்டியல் இன்னொரு பக்கம் வளர்ந்தது. கடலுக்கு எடுத்துப்போக வேண்டியவை. தொப்பி, துண்டு, மணல் வாளி என்று அடக்கமாகத்தான் தொடங்கியது. ஒரு வாரத்தில் ஐம்பத்தேழு பொருளாகிவிட்டது. ஆரஞ்சு நிறச் சட்டை, ஆளுக்கு நான்கு. குழந்தையின் கையில் போன் நம்பர் எழுதுவதற்குத் தண்ணீரில் அழியாத பேனா. விசில் மூன்று.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தையும் கழற்றுவதற்கு முன்பு அதன் குறிப்பேட்டை முழுக்கப் படிக்கிறவர். பட்டியலையும் அப்படித்தான் படித்தார்.

“நாம கடலுக்குப் போறோமா, கடலைத் தாண்டப் போறோமா?”

“சிரிங்க, சிரிங்க. அங்க போய் ஒண்ணு இல்லைன்னா தெரியும்.”

“சரி, விசில் எதுக்கு மூணு?”

“ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வேணாமா?”

“அப்ப மூணாவது?”

“ரெண்டாவதும் தொலைஞ்சா?”

என் முகத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தார். பென்சிலால் ‘விசில்’ என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டார்.

பெரியவள் நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, “அப்பா, கடலை எத்தனை மணிக்கு மூடுவாங்க?” என்றாள்.

“மூட மாட்டாங்கடா. அதுக்குக் கதவே கிடையாது.”

அவளுக்கு அது சந்தோஷமான செய்தி. எனக்கு அப்படி இல்லை. அன்று பட்டியலில் இன்னும் ஆறு பொருள்கள் ஏறின.*

* அறுபத்து மூன்று. எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு மெனக்கெடும் எழுத்தாளர், எதையோ மறைக்கிறார் என்று நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள்.

3

கதையில் வரும் அப்பாவைப் பற்றி. அடையாளம் தெரியக் கூடாது என்று அவரைப் பல் டாக்டர் ஆக்கினேன். மீசை வைத்தேன். அவர் கடற்கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்து போனில் மூழ்கியிருக்கிறார். பக்கத்தில் இருந்த குழந்தை நடந்து போய்விடுகிறது. அவர் தலை நிமிராமலேயே, “தண்ணிக்குப் பக்கத்துல போகாதடா கண்ணா” என்று காலி மணலுக்குப் புத்தி சொல்கிறார். அம்மா ஓடி வருகிறாள். விசில் ஊதுகிறாள். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் முதல் குதிரைக்காரர் வரை கடற்கரையே திரள்கிறது. கடைசியில் குழந்தை அப்பாவின் குடைக்குப் பின்னாலேயே மண் தோண்டிக்கொண்டிருக்கிறது.

சிரிப்பு வந்தது. எழுதும்போது நானே சிரித்தேன். பாத்திரத்தின் மீது ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த மனிதர் ஏன் போனையே பார்க்கிறார்? அதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பாத்திரம் ஏன் ஒரு காரியத்தைச் செய்கிறது என்று தெரியாவிட்டால் அந்தப் பாத்திரம் பொய் என்று பயிற்சிப் பட்டறைகளில் நான் பிறருக்குச் சொல்வதுண்டு. ஊருக்கு உபதேசம்.

“அவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தது—” என்று எழுதினேன்.

“அவர் உண்மையில் போனைப் பார்க்கவில்லை, அவர் மனதில் ஒரு சொல்—”

அங்கே நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் துணி மடித்தேன். நானாகத் துணி மடித்தால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

4

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் கதையைப் படித்தார். ஒளிந்தெல்லாம் படிக்கவில்லை. பட்டியல் என்று நினைத்துத்தான் எடுத்தார். குழந்தைகள் பக்கத்து அறையில் மெத்தையைக் கடலாக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்தேன். இரண்டு இடத்தில் சிரித்தார். கடைசித் தாளை மேசையில் வைத்து, மேலே தண்ணீர் டம்ளரை வைத்தார், பறக்காமல் இருக்க.

“நல்லா இருக்கு. பல் டாக்டர் மீசை பிரமாதம்.”

“நிஜமாவா?”

“ம். ஆனா ஒண்ணு.” டம்ளரை ஒரு சுற்று திருப்பினார். “நான் தொலைக்கலையே.”

“அது நீங்க இல்லங்க. அது கதை.”

“சரி, கதைதான். நம்ம வீட்டுல யாரு தொலைச்சாங்களோ அவங்களை எழுதினா கதை ஆகாதா?”

கோபம் இல்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

5

இனி நடந்தது. இதற்கு நல்ல தொடக்கம் ஏதும் தோன்றவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன்பு, மரச்சாமான் கடை ஒன்றின் மூன்றாவது மாடி. பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். புத்தக அலமாரி வாங்கச் சிறியவனோடு போயிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த கதையில் ஒரு வரி பல நாளாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது அந்த வரிக்கான சொல் வந்தது. வந்தது ஓடிவிடக் கூடாதே என்று கைப்பையில் பேனாவைத் தேடினேன். பேனாவை எடுக்க, அவன் கையை விட்டேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவன் இல்லை.

பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான்—

[இந்த வாக்கியத்தை ஏழு முறை எழுதிப் பார்த்தேன். விட்டுவிடுகிறேன்.]

விற்பனைக்கு வைத்திருந்த ஒரு கட்டிலுக்கு அடியில் செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். பாதுகாப்புக்கு இருந்த பெண்மணிதான் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தார். “தங்கம் தூங்குதும்மா, அழாதீங்க” என்றார். என் கணவர் வேலையைப் போட்டுவிட்டு, கையில் கிரீஸோடு ஓடி வந்தார். அவனைத் தூக்கிக்கொண்டார். சட்டையெல்லாம் கறுப்பாகிவிட்டது. அன்றும் சரி, பிறகும் சரி, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் குழந்தைகளைத் தனியாக எங்கும் கூட்டிப்போனதில்லை. யாரும் தடுக்கவில்லை. தலைவலி, வெயில், எழுத்து வேலை என்று ஏதாவது ஒன்று சரியாக வந்து உதவியது. கடலுக்குக் கிளம்பும் தைரியம்கூட ஒரு கதையைச் சாக்கு வைத்துத்தான் வந்தது. அந்தக் கதையிலும் பழியைத் தூக்கி ஒரு பல் டாக்டரின் தலையில் போட்டேன்.

அந்தச் சொல் என்னவென்று கேட்கிறீர்களா? அன்று எழுதிக்கொண்டிருந்த அந்தப் பழைய கதை அச்சாகும்போது இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார்கள்.

6

முடிவுகளை முயன்று பார்த்தேன்.

முடிவு அ: கணவன் மனைவி கைகோத்துச் சூரிய அஸ்தமனம் பார்க்கிறார்கள். [வெட்கமாக இருக்கிறது.]

முடிவு ஆ: பயணமே ரத்து. அறுபத்து மூன்று பொருள்களையும் கூடத்தில் கொட்டி வீட்டுக்குள்ளேயே கடற்கரை. [குழந்தைகள் மன்னிக்க மாட்டார்கள். நியாயம்.]

முடிவு இ: கடற்கரையில் ஒரு குழந்தை— [இல்லை. இதை எழுத மாட்டேன். எந்தக் கதைக்காகவும்.]

பல் டாக்டரை நீக்கிவிட்டு, கதையை நீங்கள் இப்போது படிக்கும் வடிவத்துக்கு மாற்றினேன். ஐந்தாம் பகுதி வரை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்தது கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, வேலைக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டே. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“அங்க போய், மொத நாள் காலைல ஒரு மணி நேரம் ரெண்டு பேரையும் நீ பார்த்துக்கோ” என்றார். “நான் ரூம்ல படுத்துக்கறேன்.”

“என்னது? கடல்லயா? நான் தனியாவா?”

“கடல்ல இல்ல, கரையில. தனியாதான்.”

“எனக்குப் பயமா இருக்குங்க.”

“இருக்கட்டும். லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது எனக்குப் பதினெட்டு வருஷமா பயம்தான். பயமே இல்லைன்னு சொல்றவனை நான் குழியில இறக்கறதே இல்ல.”

“மறுபடியும் ஏதாவது சொல் வந்துடுச்சுன்னா?”

“வரட்டும். போகட்டும்.” இன்னொரு ஷூவை மாட்டிக்கொண்டார். “சொல் தொலைஞ்சா வேற சொல் கிடைக்கும். உனக்கா கிடைக்காது?”

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் இதுதான் சிறந்தது. பின்னட்டையில் போட முடியாது என்பதுதான் வருத்தம்.

7

இப்போது விடுதி அறையில் இருக்கிறேன். காலை ஏழே முக்கால். பொருள்களில் பாதியை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. என் கணவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதாகக் காட்டிக்கொள்கிறார்; கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவரும் நல்ல நடிகரல்ல.

ஆசிரியைக்கு நேற்று இதுவரை எழுதியதை அனுப்பியிருந்தேன். “சிரிப்பு இருக்கு மேடம், ஆனா கடலே வரலையே? முடிவு எங்கே?” என்று பதில் வந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல் வந்துவிடும். முடிவுதான் பிரச்சினை.

அடுத்த ஒரு மணி நேரத்தை நான் எழுதப்போவதில்லை. அங்கே என்ன பார்த்தேன், அலை எப்படி இருந்தது, யார் முதலில் காலை நனைத்தார்கள் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கோமாளியாக்கினாலும் ஆட்சேபணை இல்லை. என் கணவரை மட்டும் விட்டுவிடுங்கள். பாவம், தூங்குகிறார்.

“அம்மா, வா” என்கிறாள் பெரியவள், வாசலில் நின்று. ஒரு கையை நீட்டுகிறாள். சிறியவன் தன் கையை நீட்டுகிறான். எனக்கு இருப்பதே இரண்டு கை. பேனாவை எங்கேயாவது வைத்துத்தான்