பதினைந்தாவது விமானி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் கதையில்லை. மேல்மாடிக்காரி போக்னா என் சமையலறையில் உட்கார்ந்து, எலுமிச்சை மிதக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னது. அதையும் முழுசாகச் சொல்லவில்லை. முக்கால்வாசி ஆனபோது மாடிப்படியில் அவள் புருஷன் ஸெனோன் செருமுவது கேட்டது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "உப்புல போட்ட வெள்ளரிக்கா மிச்சமிருக்கா?" என்று கேட்டாள். லூப்லின் பக்கத்து இந்தச் சின்ன ஊரில் பதினேழு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஒருத்தி பேச்சை மாற்றுகிறாள் என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. ஜாடியை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஆக, கதை என் கைக்குக் கால்வாசி குறைவாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் எழுதவே கூடாது. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

(அ) "ஈரெக் செத்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரி மாதத்தில்..." கூடாது. எடுத்த எடுப்பிலேயே சாவா?

(ஆ) "ஹெலிகாப்டர் என்பது எந்நேரமும் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பார்க்கும் வண்டி. வாலில் இருக்கும் சின்ன விசிறிதான் அதைச் சுற்றவிடாமல் பிடித்து..." இது வாத்தியார் வேலை. ஆனால் இந்த வாக்கியம் இல்லாமல் பின்னால் வருவது புரியாது. அதனால் அடித்தேன், அழிக்கவில்லை.

(இ) "போக்னா சர்க்கரை ஒட்டிய விரலால் அந்தக் கடிதத்தைப் புரட்டினாள்."

இது இருக்கட்டும். சர்க்கரை என் சேர்க்கை. கடிதம் அவள் சொன்னது.

3

போக்னாவுக்கு நாற்பத்தாறு வயது. ஹெலிகாப்டர்கள் ஏன் விழுகின்றன என்று ஆராயும் கூடத்தில் வேலை. விழுந்தவர்களைப் பற்றி நாள் முழுக்கப் படித்துவிட்டு, சாயங்காலம் பறக்கிறவன் ஒருவனோடு சாப்பிட உட்காருவாள். அதனால் கல்யாணமான புதிதிலேயே ஒரு சட்டம் போட்டிருந்தாள்: கூடத்துப் பேச்சு வீட்டு வாசல் தாண்டாது.

ஸெனோனும் ஈரெக்கும் ஒன்றாகப் பறக்கக் கற்றவர்கள். மின்கம்பிகளை ஒட்டி மெதுவாகப் பறந்து, எந்தக் கம்பத்தில் பீங்கான் உடைந்திருக்கிறது என்று பார்ப்பது இருவருக்கும் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கவாட்டுக் காற்றில், ஈரெக்கின் ஹெலிகாப்டர் தானாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அப்படித் திரும்ப இரண்டு காரணம் இருக்கலாம். வால் விசிறி உடைந்திருக்கும். அப்படியென்றால் இன்ஜின் விசையைக் குறைத்து உடனே இறக்கிவிட வேண்டும். அல்லது விசிறி நன்றாகவே இருக்கும், காற்றுதான் அதை ஏமாற்றியிருக்கும். அப்படியென்றால் வலது பெடலை முழுக்க மிதித்து, காலை எடுக்காமல் இருக்க வேண்டும். முதல் சில நொடிகளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். ஈரெக் பெடலிலிருந்து காலை எடுத்து, விசையைக் குறைத்தான். விசிறி உடையவில்லை.

விமானியின் தவறான முடிவு என்று அறிக்கையின் வரைவில் இருந்தது. அதற்கு ஆதாரமும் இருந்தது. அதே காற்று, அதே கம்பம், அதே வேகம் வைத்து, தரையில் இருந்தபடியே பறப்பது போலக் காட்டும் சிமுலேட்டர் பெட்டியில் பதினான்கு விமானிகளை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பதினான்கு பேரும் காலை எடுக்காமல் பிழைத்தார்கள். எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை என்று கேட்டால், "ரெண்டு", "மூணு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.*

ஈரெக்கின் மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அந்த வரைவை எழுதிய நாளிலிருந்து போக்னா தபால்தலை வாங்க அடுத்த ஊருக்குப் போனாள்.

ஸெனோனோ குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றையே சொன்னான்: "நானா இருந்தா காலை எடுத்திருக்க மாட்டேன். மடையன், ஏன்டா எடுத்த?" கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாது. ஆனால் அந்த முதல் வாக்கியத்தை நம்பித்தான் போக்னா தினமும் அவனைப் பறக்க அனுப்பிவைத்தாள்.

(* பத்துக்கு எத்தனை என்ற இந்தக் கேள்வியை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. விமானியிடம் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்?)

4

பதினான்காவது ஆள் பெல்ட்டைக் கழற்றியபடி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னான்: "எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன் மேடம். வந்ததும்தான் அப்பாடான்னு இருந்துச்சு."

போக்னா தன் மேசைக்குப் போய், விமானிகளை அழைத்துத் தானே எழுதிய கடிதத்தை எடுத்தாள். (சர்க்கரை விரல் இங்கேதான் வருகிறது.) முதல் பக்கம், மூன்றாவது வரி: "இச்சோதனையில் உங்கள் ஹெலிகாப்டர் தானாக இடப்பக்கம் திரும்பும்." யாரையும் ஏமாற்றக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதிய வரி அது.

சிமுலேட்டரை இயக்கும் கிரட்சியனைக் கூப்பிட்டாள்.

"பரீட்சைக்கு முன்னாடியே விடையக் குடுத்துட்டோம்பா. குடுத்துட்டு, எல்லாரும் பாஸுன்னு எழுதி வச்சிருக்கோம்."

அவன் படித்தான். தலையைச் சொறிந்தான். "ஈரெக்குக்கு யாரும் கடிதம் போடலியே மேடம்."

"அதேதான்."

"அப்ப சொல்லாம ஒருத்தர உக்கார வைக்கணும். ஆனா இந்தப் பக்கத்துல பறக்கிற அத்தனை பேருக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சே. யாரு மிச்சம்?"

"ஒருத்தர் இருக்காரு. இந்தச் சோதனையப் பத்தி அவர்கிட்ட மட்டும் யாரும் வாயத் திறக்கல."

"யாரு?"

"எங்க வீட்ல."

கிரட்சியன் கடிதத்தை மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "வேணாம் மேடம்," என்றான்.

ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஸெனோன் ஒருவன் விழுந்தால் போதும், அந்த அறிக்கையில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. விஷயம் தெரியாத விமானிகளைத் தேடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அவன் பிழைத்துவிட்டால் ஈரெக்கின் மேல் 'தவறான முடிவு' என்ற வாக்கியம் நிலைத்துவிடும். கூடத்தின் அறநெறிக் குழுவில் மூன்று பேர் கூடிப் பேசி அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: முடிந்த உடனே, கதவைத் திறக்கும்போதே, அவனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

5

போன வாரம்வரை நான் போக்னாவைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரியாக எழுதி வைத்திருந்தேன். கட்டின புருஷனிடம் பொய் சொல்லி ஒரு பெட்டிக்குள் உட்கார வைக்கிறவளை வேறு எப்படி எழுதுவதாம்? பிறகு அவள் அந்தப் பொய்யைச் சொன்ன விதத்தை என்னிடம் நடித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. குரல் நடுங்கிற்று. அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

"வியாழக்கிழம கூடத்துக்கு வரியா? திரையில புதுசா பனி போட்டிருக்கோம். கம்பமெல்லாம் சரியான உயரத்துல தெரியுதான்னு உன்ன மாதிரி ஆளு பாத்தாத்தான் தெரியும்."

"கொழுத்த வியாழன் அன்னிக்கா? ஊரே டோனட் தின்னுக்கிட்டு கெடக்கும், நான் உன் பொம்மப் பெட்டிக்குள்ள போயி உக்காரணுமா?"

"ஒரு மணி நேரந்தான்."

"பதினெட்டு வருஷமா ஒரு தடவ கூப்பிட்டதில்ல. இப்ப என்ன திடீர் பாசம்?"

"முடியாட்டி விடு."

"வரேன்டி. நீ கூப்பிட்டு வராம இருப்பேனா?"

இந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லும்போது போக்னா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

6

வந்தான். வெறுங்கையோடா வந்தான், பாவி! ரோஜாப்பூ ஜாம் வைத்த டோனட் இருபது, பெட்டியோடு. "எல்லாருக்கும் எடுத்துக் குடு தம்பி, உங்க மேடத்துக்கு மட்டும் ரெண்டு," என்று கிரட்சியன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டான். கதவு மூடியது. சுற்றிலும் திரை வெளுத்து, பனி விழுந்தது.

அவன் சும்மா உட்காரவில்லை. சொன்ன வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தான். "மூணாவது கம்பம் ரெண்டு மீட்டர் குட்டையா இருக்கு, எழுதிக்க." ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. போக்னா எழுதிக்கொண்டாள். அந்தக் கம்பத்தைப் பற்றி யாருக்கும் ஒரு கவலையும் இல்லை, ஆனாலும் எழுதினாள். "கம்பி கொஞ்சம் தடிமனா தெரியுது. எழுதினியா?"

"எழுதிட்டேன்."

"பனி பிரமாதம். ஈரெக் பாத்திருந்தா, இந்தப் பனிய அள்ளச் சொல்லி நம்மள யாரும் வெரட்ட மாட்டாங்களேன்னு சிரிச்சிருப்பான்."

பிறகு ஈரெக் விழுந்த அந்தக் கம்பம் வந்தது. கிரட்சியனின் விரல் பொத்தான் மேல் இருந்தது. திரும்பி அவளைப் பார்த்தான்.

"மேடம், அழுத்தவா?"

7

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதலாவதில் ஸெனோன் காலை எடுக்கவில்லை. "நான்தான் சொன்னேன்ல?" என்று வெளியே வருகிறான். போக்னா நிம்மதியாகத் தூங்குகிறாள். அறிக்கையில் கையெழுத்து விழுகிறது. விமானிகளுக்கான பயிற்சியில் ஒன்றும் மாறவில்லை, தபால்தலை அடுத்த ஊரில்தான். நன்றாகத்தான் வந்தது. ஆனால் எழுதி முடித்ததும் ஈரெக் இன்னொரு தடவை...

இரண்டாவதில் அவன் கை விசைக்குப் போகிறது. திரை உறைகிறது. கதவைத் திறந்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். "ரெண்டு வருஷமா அவனத் திட்டினேனேடி," என்கிறான். ஈரெக் பிழைத்துக்கொண்டான். ஆனால் மறுநாள் காலை இவனை எந்தத் தைரியத்தில் பறக்க அனுப்புவாள்? இதையும் கிழிக்க மனசில்லாமல் மடித்து வைத்திருக்கிறேன்.

போக்னா எதைச் சொன்னாள் என்கிறீர்களா? தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிரட்சியனப் பாத்துத் தலைய ஆட்டிட்டேன். அந்த நிமிஷம் நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" என்றாள்.

அப்போதுதான் மாடிப்படியில் செருமல் கேட்டது.

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: 'நானாக இருந்தால் காலை எடுத்திருக்க மாட்டேன்' என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கு நான் மூன்றாம் பகுதியிலேயே கடிதம் போட்டுவிட்டேன். இந்தக் கதையில் விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

8

ஸெனோன் உள்ளே வந்து, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெள்ளரிக்காயில் பூண்டு போதாது என்றான். உங்க வீட்ல மட்டும் போதுமாக்கும் என்றேன். மூவரும் சிரித்தோம். என் கையிலிருந்து முள்கரண்டி நழுவியது.

எடுக்கக் குனிந்தேன். மேசைக்கு அடியில் ஸெனோனின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, விடாமல். ஜெயித்த காலா, தோற்ற கால் பழகிக்கொள்கிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போக்னா செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை அந்தப் பாதத்தின் மேல் வைத்து, அவளும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து கரண்டியைக் கழுவினேன். ஜாடி காலியாகும்வரை இருவருமே காலை எடுக்கவில்லை.