பெடலில் ஒட்டிய ரேடியம்

மகள் பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து உத்திராபதிக்கு வயிற்றில் நெருப்புதான். பூங்குழலிக்கு அரியலூரில் கல்லூரி. பல்கலைக்கழக சைக்கிள் அணிக்குத் தை மாதம் ஆள் எடுக்கிறார்கள். அதுவரை தினமும் விடியற்காலையில் முப்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு அப்படியே கல்லூரிக்குப் போவது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அதுவும் மார்கழிப் பனியில், சுண்ணாம்புக்கல் லாரிகள் விரட்டிக்கொண்டு போகும் ரோட்டில். அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவர்தான் உத்திராபதி. பனியில் சைக்கிள்காரன் எவ்வளவு தெரிவான் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வேணாம்மா" என்று கெஞ்சிப் பார்த்தார்.

"இந்த வருசம் விட்டா காலேஜே முடிஞ்சுடும்ப்பா. அப்புறம் என்னை யாரு சேத்துக்குவா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்லங்குறிச்சி வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வழுவழுவென்று தேய்ந்த டயரைக் கழற்றி, ரோட்டைப் பிடிக்கிற மாதிரி வெட்டு உள்ள புது டயர் போட்டார். சேறு தெறிக்காமல் மட்கார்டு மாட்டினார். பின்னால் சிவப்பு லைட். அப்புறம் இரண்டு பெடலிலும், வெளிச்சம் பட்டால் மினுக்கும் ரேடியம் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டினார்.

"லைட்டுதான் இருக்கே. பெடல்ல எதுக்குப்பா?"

"ஒத்த லைட்டு, தூரத்துல போற பைக்கு மாதிரி ஏமாத்திப்புடும். ரெண்டு மினுக்கு மேலயும் கீழயும் போனாத்தான் ஆளு மிதிக்குதுன்னு டிரைவருக்குப் புரியும்."

மிச்சம் இருந்தது பின்சக்கரத்து ஃப்ரீவீல். மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், மிதிக்காவிட்டால் சும்மா சுற்றவிடும். அது தூசி அடைத்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். லாரி ஆயில் போட்டால் மகளின் வெள்ளைப் பேன்ட் கறையாகும். பத்துச் சக்கர வண்டியைப் பிரித்து மாட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து தாராளமாக விட்டார். சக்கரம் சுகமாகச் சுற்றியது.

"தலைக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் மனைவி ராசாத்தி.

மார்கழி ஐந்தாம் தேதிதான் முதல் கடும்பனி. ராத்திரி முழுக்க வாசலில் நனைந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பூங்குழலி கிளம்பினாள். கட்டியாகிப் போன எண்ணெய் பாட்டிலை ராசாத்தி அடுப்போரம் சாய்த்து உருக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார் உத்திராபதி. ஒன்றும் தோன்றவில்லை.

பத்து நிமிடம் கழித்து முதல் நடைக்கு லாரியை எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. அந்த இரண்டு மினுக்கைத் தேடிக்கொண்டே மெதுவாக உருட்டினார். பாலம் தாண்டி இறக்கம் முடிகிற இடத்தில் தெரிந்தது. மேலும் கீழும் போகவில்லை, பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. சுற்றிய வேகத்துக்கு முன்னால் நகரவும் இல்லை. ரோட்டுக்கு நடுவில் அப்படியே நின்றது.

பிரேக்கில் ஏறி நின்றார். பம்பருக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

குதித்து ஓடினார். பூங்குழலி வெடவெடத்துப் போயிருந்தாள். "எறக்கத்துல மிதிக்காம வந்தேன். அப்புறம் மிதிச்சா பிடிக்கவே இல்லப்பா. காலு சும்மா சுத்துது."

உத்திராபதி ஃப்ரீவீலில் விரலை விட்டுப் பார்த்தார். பனியில் உறைந்து உள்ளே அடைத்துக்கொண்ட தேங்காய் எண்ணெய், நகக்கண்ணில் வெள்ளையாக, மெழுகுபோல் வந்தது.

"நாந்தாம்மா. நாந்தான் ஊத்துனேன்."

அவள் திட்டவில்லை. சைக்கிளை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். "வேற ஆயில் போட்டுக்குடு. நாளைக்கும் நான் போவணும்" என்றாள். பிறகு கேட்டாள். "இந்தப் பனியில எப்படிப்பா என்னைப் பாத்தே?"

"நீ போயிருக்கேன்னு தெரியுமே. தேடிக்கிட்டேதானே வந்தேன்."

"மத்த டிரைவருங்களும் அப்படித் தேடுவாங்களாப்பா?"

பதினெட்டு வருடமாக அவர் லாரி ஓட்டும் அதே ரோட்டில் பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மிதித்துப் போகிறார்கள். ஒரு நாள்கூட அவர் யாரையும் தேடியதில்லை. பின்னால் வந்த லாரி, வழியை விடு என்று விடாமல் ஹாரன் அடித்தது. நேற்றுவரை அவரும் அப்படித்தான் அடித்துக்கொண்டு போனார்.