அப்பொலோனியா பாடிய கீழ்க்குரல்

எங்கள் பாடகர் சங்கத்தில் செத்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு. குழிக்குள் பெட்டி இறங்கும்போது நாற்பது பேரும் சுற்றி நின்று நான்கு குரலில் பாடுவோம். ஜெர்மனியில், ஹெர்னே நிலக்கரிச் சுரங்கத்தில் நாள் முழுக்கக் கரி தின்னும் போலந்துக்காரனுக்கு அந்த ஒரு பாட்டுதான் சொந்த ஊர் மண். பாதிப் பேர் அதற்காகவே சங்கத்தில் சேர்ந்தவர்கள்.

இசிடோர் செய்த குற்றம் இதுதான்: சுரங்க முதலாளியின் பிறந்தநாளுக்கு ஜெர்மன்காரர்களின் பாட்டுக்குழுவில் ஒருநாள் நின்று பாடினான். ஆட்குறைப்புப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. வந்து பாடினால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றிருந்தான் மேஸ்திரி. எங்கள் தலைவர் தெயோஃபில் கொதித்துவிட்டார்.

"அவனுங்களுக்கு வாயத் திறந்தவன் நமக்குத் திறக்க வேணாம். பேர வெட்டுய்யா."

"நாலு புள்ளைங்க, தலைவரே..."

"நமக்கெல்லாம் புள்ளைங்க இல்லியா? செயலாளர் நீ. வெட்டு!"

சங்கப் பதிவேட்டில் அவன் பெயர்மேல், கோணாமல் இருக்க வேண்டுமென்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். அந்த அக்கறையை இன்றைக்கு நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

1911 பிப்ரவரியில் சுரங்கக் கூரை சரிந்து இசிடோர் போய்விட்டான். அவன் மனைவி அப்பொலோனியா என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவரு வேற எதுவும் ஆசப்பட்டதில்ல. அந்தப் பாட்டு ஒண்ணுதான். வருவீங்களா?"

"தலைவர் ஒத்துக்கணுமேம்மா."

"ஒத்துக்க மாட்டாருன்னுதானே உங்ககிட்ட வந்தேன்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அடக்கத்துக்கு எல்லோரும் போனோம், வாயை மூடிக்கொண்டு. அவ்வளவு பெரிய மனசு எங்களுக்கு!

பெட்டி இறங்கியது. அப்பொலோனியா எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு தானே தொடங்கினாள். பன்னிரண்டு வருஷமாகச் சங்கத்தில் அவள் பாடியது கீழ்க்குரல். மெட்டு மேற்குரல்காரிகளுடையது, இவளுக்கு வாய்த்தது அதற்கு முட்டுக்கொடுக்கிற வேலை மட்டும். தனியாகக் கேட்டபோது அது பாட்டாகவே இல்லை, ஏதோ முனகல். குழி வெட்டியவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றான்.

மூன்றாம் அடியில் ஆண்கள் மட்டும் பாடும் இடம் வந்தது. அவள் நிறுத்தினாள். விரலால் தாளம் எண்ணினாள். எங்களுக்கெல்லாம் தூக்கத்திலும் வரும் இடம் அது. நான் தெயோஃபிலைப் பார்த்தேன். அவர் குழியைப் பார்த்தார். என் தொண்டை வரை வந்ததை நான் விழுங்கினேன்.

நாங்கள் பாடி முடித்ததாகவே வைத்துக்கொண்டு, அவள் தன் இடத்தில் தாளம் தப்பாமல் சேர்ந்துகொண்டாள்.