செருப்பு ரப்பர்

இருக்கைக்கு அடியில் கையை விட்டதும் முதலில் அகப்பட்டது செத்துப்போன கரப்பான்பூச்சி. அதை எடுத்து எறிந்துவிட்டு மறுபடி கையை விட்டால், என்றைக்கோ சிந்திய பால் காப்பி காய்ந்து பிசினாகி, அதில் கிராம்பு சிகரெட் சாம்பலும் தலைமயிரும் ஒட்டிக் கிடந்தன. விரலில் இழுபட்டு வந்தது. விரலைத் தரையில் தேய்த்தேன். நிமிர்ந்து பார்த்தேன். குந்தோரோவின் கார் ஷெட்டில் ஆறு ஆண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் காலும் என் முகத்துக்கு நேரே இருந்தன. ஒருவனுக்குக்கூடக் குனிந்து ஒரு டார்ச்சைப் பிடிக்கத் தோன்றவில்லை. நான் பிழை கண்டுபிடிக்க வந்தவள் என்று யாரும் நினைக்கவில்லை. பிழை செய்தவள் மாட்டிக்கொள்வதை வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

கார்ப் பந்தய விளையாட்டுக்காக வீட்டிலேயே செய்த ஆடும் இருக்கை அது. எதிரே பெரிய திரை, கையில் ஸ்டியரிங், காலடியில் பெடல்கள். இருக்கைக்குப் பின்னால் இடமும் வலமுமாக இரண்டு மோட்டார்கள், அவற்றை ஓட்டும் மின் போர்டுகள். திரையில் ஓடும் கார் பிரேக் பிடித்தால் இருக்கை முன்னால் சாயும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். கடையில் வாங்கப்போனால் நிஜக் காரே வாங்கிவிடலாம். அதனால் எங்கள் ஊர் மாலாங்கில் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் தாங்களே செய்துகொள்கிறார்கள். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு சட்டை, போனில் ஒரு குழு. மோட்டார்களுக்கு என்னிடம் வருவார்கள். உடைத்துப் போட்ட பழைய பேருந்துகளின் வைப்பர் மோட்டார்களைப் பிரித்து, கார்பன் மாற்றி, பல்சக்கரத்துக்குப் புது கிரீஸ் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் விற்பேன். பழைய சாமான் சந்தையில் பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. என் பேரைச் சொல்லி, வினார்த்தி மோட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

பத்து நாளைக்கு முன்பு வரை.

அன்றைக்குக் குந்தோரோ போன் வழியாக நேரலை போட்டுக்கொண்டிருந்தான். இருக்கையில் உட்கார்ந்திருந்தது அவன் மனைவி நிக்கென். ஓர் இடது வளைவில் இருக்கை வெட்டி இழுத்து ஒரு பக்கமாக அறைந்து நின்றது, புகை வந்தது, ஸ்டியரிங் சுற்றி அவள் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் குந்தோரோ குழுவில் எழுதிவிட்டான்: ‘சந்தைக்காரியிடம் வாங்கிய மோட்டார். மலிவு பார்த்ததற்கு என் மனைவியின் கை போனது. நண்பர்களே, ஜாக்கிரதை.’ மறுநாளிலிருந்து என் கடைக்கு வாங்க ஆள் வரவில்லை, திருப்பிக் கொடுக்கத்தான் வந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார்களைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்கள். சந்தையில் பக்கத்துக் கடைக்காரன்கூட, “என்னக்கா, ஒரு பொண்ணு கைய ஒடச்சிட்டீங்களாமே” என்று சிரித்தான். பேர் போனால் இந்தத் தொழிலில் வேறென்ன இருக்கிறது? சங்கத்தில் மூத்தவர் சுமார்சோனோ அண்ணனிடம் போய், எல்லார் எதிரிலும் அந்த இருக்கையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கரப்பான்பூச்சி.

“எப்ப எரிஞ்சுது? பிரேக் போடும்போதா, திரும்பும்போதா?” என்று கேட்டேன்.

“எரிஞ்சது எரிஞ்சதுதானேக்கா. எப்பன்னா என்ன?” என்றான் குந்தோரோ. அவன் போன் கடை வைத்திருக்கிறான். கை எப்போதும் சுத்தமாக இருக்கும்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லு தம்பி.”

அவன் வாயைத் திறப்பதற்குள் நிக்கென், “திரும்பும்போது” என்றாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். “பிரேக்ல ஒண்ணும் ஆகல. அதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி போர்டு கருகிச்சு. அதுவும் வளைவுலதான்.”

“நீ சும்மா இரு” என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

ரெண்டு வாட்டி. அது தெரிந்தும் மூன்றாவது முறை மனைவியை ஏற்றி உட்காரவைத்து நேரலை போட்டிருக்கிறான். காப்பிப் பிசினைவிட இது எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

வரிசையாகப் பார்த்தேன். இருக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் திருகு உணரிகள் இரண்டும் சரி. மின்சாரம் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் ஆடாமல் நின்றது. ஒயர்களைச் சங்கத்தில் யாரோ நன்றாகவே சாலிடர் வைத்திருந்தார்கள். மோட்டார்களைச் சட்டத்திலேயே விட்டு, இருக்கையைத் தள்ளும் தண்டுகளை மட்டும் கழற்றிவிட்டு, நான் கொண்டு போயிருந்த பேட்டரியில் ஒவ்வொரு மோட்டாராகக் கொடுத்தேன். இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தயிர் கடைகிற மாதிரி ஓடின. “தனியா ஓடினா சரியாகிடுமா? ஆள ஏத்தினா தெரியும்” என்று ஒருவன் மேலிருந்து சொன்னான். அவன் போன வாரம்தான் இரண்டு மோட்டார் திருப்பிக் கொடுத்தவன்.

பிறகு மோட்டார் உட்காரும் இடத்தில் டார்ச் அடித்தேன். ஊதா நிறத்தில் நாலு வாஷர்கள் பளபளத்தன. அலுமினியம்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. பேருந்தில் பாடியே நெகட்டிவ். அதனால் வைப்பர் மோட்டாரின் ஒரு முனை அதன் உடம்போடுதான் சேர்ந்திருக்கும். பேருந்தில் அது ஒரே பக்கம் சுற்றுகிறது, தொல்லையில்லை. இந்த இருக்கையில் முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும்போது இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். வளைவில்தான் ஒன்று மேலே தள்ளும், மற்றது கீழே இழுக்கும். அப்போது ஒன்றின் உடம்பில் பாசிட்டிவ், மற்றதன் உடம்பில் நெகட்டிவ். இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் முறுக்கினால் சட்டமே ஒயராகி, போர்டு பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் போன வருடம் நான் இதே ஷெட்டில் உட்கார்ந்து, பழைய செருப்பை வட்டம் வட்டமாக அறுத்து மோட்டாருக்கு அடியில் வைத்து, போல்ட்டுகளுக்கு மீன்தொட்டிக் குழாயை உறையாக மாட்டினேன். எங்கள் சந்தையில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். மோட்டாரைப் பிரித்து அந்த முனையை உடம்பிலிருந்து பிரித்தெடுப்பதுதான் முறை. இரண்டு நாள் வேலை. குந்தோரோ அவசரப்பட்டான், நானும் சரியென்றேன். அந்தக் குற்றம் என்னுடையது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதைத் தொட்டாலும் இந்த ரப்பரைத் தொடாதே என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

“ரப்பர் எங்க?” என்றேன்.

குந்தோரோ சுவரைப் பார்த்தான்.

“வீடியோல அசிங்கமாத் தெரியுதாம்” என்றாள் நிக்கென். “செருப்பு வச்சுக் கட்டின வண்டியான்னு யாரோ கீழ எழுதிட்டாங்க. அன்னைக்கே கழட்டிட்டாரு.”

நான் மீட்டரின் ஒரு முனையை இடது மோட்டார் உடம்பிலும் மறுமுனையை வலது மோட்டார் உடம்பிலும் வைத்தேன். கீ என்று கத்தியது, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் பாய்கிறது என்று அர்த்தம். “இரும்புன்னா கத்தத்தான் செய்யும்” என்று குந்தோரோ முனகினான். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அங்கே கிடந்த செருப்புகளிலேயே புதியது எது என்று பார்த்தேன். அவனுடையதுதான். அதை எடுத்துவந்து அவன் கண்ணெதிரே கத்தியால் நாலு வட்டம் அறுத்தேன். யாரும் தடுக்கவில்லை. ரப்பரை வைத்து, மீன்தொட்டிக் குழாயை மாட்டி, மோட்டார்களை முறுக்கி, கருகிய போர்டுகளுக்குப் பதில் என்னிடமிருந்த இரண்டைப் போட்டேன். மீட்டர் இப்போது கத்தவில்லை. நானே ஏறி உட்கார்ந்தேன். அந்த இருக்கையின் வியர்வை நாற்றமும் அதை மறைக்க அடித்திருந்த எலுமிச்சை செண்டும் சேர்ந்து தொண்டைக்குள் போயின. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் இடமும் வலமுமாக ஐந்து சுற்று போனேன். இருக்கை தொட்டில் மாதிரி ஆடியது. போர்டு வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

“பாத்தீங்களா?” என்றேன்.

“பாத்தோம்மா, பாத்தோம்” என்றார் சுமார்சோனோ அண்ணன். உடனே நாற்காலிகள் வந்தன. புளித்த சோயாவில் செய்த தெம்பே வறுவல் வந்தது, பச்சை மிளகாய் வந்தது, காப்பி வந்தது. இத்தனை நேரம் எங்கேயிருந்தன என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். என் கடைக்கு மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தவன் என் தட்டில் வறுவலை எடுத்து வைத்தான். சுமார்சோனோ அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழுவில் என்ன எழுதுவது என்று போனில் தட்டி, படித்துக் காட்டினார்: ‘சிறு தொழில்நுட்பக் கோளாறு குடும்பமாகப் பேசித் தீர்க்கப்பட்டது. இறைவனுக்கு நன்றி. அனைவருக்கும் நன்றி.’

“என் மோட்டார் நல்ல மோட்டார்னு இதுல எங்க இருக்கு?” என்றேன்.

“எல்லாருக்கும் புரியும்மா. ஒருத்தர் மனசு நோகாம முடிச்சுக்குவோம். குந்தோரோவும் சின்னப் பையன், பாவம், நாலு பேர் பாக்கற ஆளு.”

“என் மனசு?”

“நீ பெரிய மனசுக்காரி” என்றார் அவர். எல்லாரும் தலையாட்டினார்கள். “வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம். வினார்த்தி, நீ நடுவுல நில்லு.”

எங்கள் ஊரில் ஒருவரை நேருக்கு நேர் குறை சொல்வது அநாகரிகம். முதுகுக்குப் பின்னால் சொல்லலாம், நாற்பது பேர் படிக்கிற குழுவில் எழுதலாம், அதெல்லாம் நாகரிகம்தான். பிறந்ததிலிருந்து இந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்குக் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு வரிசையாக நின்ற அந்த எண்ணெய் வாய்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை. குந்தோரோ என் காதருகில் குனிந்து, “துருப் பிடிச்சதாலன்னு சொல்லிடலாமேக்கா, யாருக்கும் கஷ்டமில்ல” என்றான். செண்டு வாடை. துரு என்றால் யார் மோட்டாரில் துரு? என் மோட்டாரில்தானே.

தட்டைக் கீழே வைத்தேன். மறுபடி இருக்கைக்கு அடியில் போய்ப் படுத்தேன். நாலு ரப்பரையும் எடுத்தேன், உறைகளை உருவினேன். ஊதா வாஷர்களைத் துடைத்து அதே இடத்தில் வைத்து, முழு பலத்தோடு முறுக்கினேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

“மோட்டார மாத்தல” என்றேன். “அதே மோட்டார்தான். உன் அழகு வாஷரத் திருப்பிப் போட்டுட்டேன். துருதானேன்னு சொன்ன, இப்ப தொடச்சாச்சு. உக்காரு தம்பி. ஒரே ஒரு சுத்து. எல்லாருக்கும் காட்டு.”

“இப்ப எதுக்குக்கா...”

“வாஷர் மேல தப்பு இல்லன்னா உக்காரு. இருக்குன்னா இருக்குன்னு சொல்லு.”

சுமார்சோனோ அண்ணன், “வினார்த்தி, வேணாம்மா” என்றார். குந்தோரோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மாட்டேன் என்று சொன்னாலே பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவன் சிரித்தான், சட்டைக் காலரைச் சரிசெய்தான், ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். நிக்கென் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். நல்ல கையால் அவன் போனை மேசையிலிருந்து எடுத்து, கட்டைவிரலால் ஏதோ அழுத்தி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“நேரலை போட்டாச்சு” என்றாள். “பதினெட்டு பேர் வந்துட்டாங்க.”

அவன் போனைப் பார்த்து வணக்கம் சொன்னான். கார் கிளம்பியது. நீண்ட நேர்பாதை. ஒருமுறை பிரேக் பிடித்தான், இருக்கை ஒழுங்காக முன்னால் சாய்ந்து திரும்பியது. “பாத்தீங்களா, சூப்பரா ஓடுது” என்றான் போனுக்கு. குரல் உடைந்திருந்தது. அவன் காதுக்குக் கீழே வியர்வை ஒரு கோடாக இறங்கியது. திரையில் இடது வளைவுக்கான சிவப்பு அம்புகள் தெரிய ஆரம்பித்தன. எனக்கு அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, அந்த வியர்வையைப் பார்க்க எனக்குப் பிடித்தும் இருந்தது, அதுவும் அருவருப்பாக இருந்தது. அம்புகள் பெரிதாகின. ஸ்டியரிங்கில் அவன் இரண்டு கையும் வெளுத்திருந்தன. சட்டென்று வலது கை அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த, மோட்டார்களை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் குத்தியது. மோட்டார்களின் ரீங்காரம் அறுந்தது. இருக்கை நேராக, அசையாமல் நின்றது.

“ஏங்க, திரும்புங்களேன்” என்றாள் நிக்கென். போனைத் தாழ்த்தவில்லை.

அவன் கையைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. திரையில் கார் மட்டும் நிற்காமல், வளைவை விட்டு இறங்கி, சரளைக்கல்லைத் தாண்டி, பச்சைப் புல்லில் நேராகப் போய்க்கொண்டே இருந்தது.