ஷெரிப்பின் முதுகு

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. எனக்கு அதில் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

ஐம்பது வருஷத்துக்கு முன், மௌனப்படக் காலத்தில், எங்கள் கலிபோர்னியா ஊரில் கௌபாய் படம் எடுத்தார்கள். ஒன்றில் ஊர்க்காவல் அதிகாரியான ஷெரிப் குதிரையோடு மலைவிளிம்பிலிருந்து ஆற்றில் குதிப்பார். படம் இன்று எங்குமே இல்லை. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். ஷெரிப்பாக நடித்த ராய் ஹார்ட்வெல்லும் போய்விட்டார். அவருக்குச் சிலை வைக்கப்போகிறார்கள், குதிக்கிற கோலத்தில்.

"அது என் முதுகு" என்கிறாள் ஐடா. குதிரை பழக்கியவள், எழுபதைத் தாண்டியவள். ஆபத்தான காட்சி என்றால் நாயகன் உடுப்பை வேறு யாருக்காவது மாட்டி, கேமராவுக்கு முதுகைக் காட்டச் சொல்வார்கள். ஊர் சிரிக்கிறது. அவள் கேட்பது சிலைக்கடியில் தன் பெயர், சாவதற்குள்.

2

(முதல் தொடக்கம்: "குளம்பொலி பாலைவனத்தை அதிர—" மௌனப்படம், ஐயா. ஒலி ஏது? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஐடாவின் கண்களில் நீர்—" படித்தால் என்னைத் தோலுரித்துவிடுவாள்.)

ராயின் விதவை லுவெல்லாவை வில்லியாக்கப் பார்த்தேன். சிலை அவள் செலவுதான். ஆனால் ஞாயிறு தவறாமல் எனக்கு ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தனுப்புகிறாள். வில்லி வேலைக்குச் சரிப்படவில்லை.

3

பழைய லாயத்தை இடித்தபோது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே, அந்தக் குதிக்கிற காட்சியில் சொதப்பல் என்று தூக்கிப்போட்ட பிலிம் துண்டு. நல்லதை உருக்கினார்கள், குப்பை தப்பித்தது. (கற்பனை என்று நினைப்பீர்கள். கற்பனைதான்.)

அந்தக் காலத்துப் பிலிம் நெருப்பு பட்டால் குப்பென்று பற்றும். மெஷினில் ஓட்டப் பயந்து, நானும் ஐடாவும் லுவெல்லாவும் ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். குதிரை குதிக்கிறது. தண்ணீர். ஷெரிப் மேலே வருகிறார். தொப்பியைக் காணோம், இடுப்புவரை கூந்தல், கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"பாத்தியாடி?" என்றாள் ஐடா.

"எனக்குத் தெரியாதாக்கும்! அந்த மனுஷனுக்கு நீச்சலே வராது. குளிக்கிற தொட்டியிலயே கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவாரு" என்றாள் லுவெல்லா.

"அப்புறம் ஏன்டி இத்தனை வருஷமா வாயத் தொறக்கல?"

"சாப்பிட உக்காந்தா அந்தக் கதையைத்தான் சொல்லுவாரு. சொல்லிச் சொல்லி அவரே நம்பிட்டாரு. எனக்கு அவருகிட்ட புடிச்சதே அது ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்கிட்டா, நான் எதை வச்சுக்கிட்டு இருக்கிறது?"

எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: சிலையில் இரண்டு பெயர், ஊரே கைதட்டுகிறது. (இந்த ஊர் கைதட்டி நான் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து— சீச்சீ.

நடந்தது இவ்வளவுதான். "ஒரு தடவை என் கையில குடுடி" என்றாள் லுவெல்லா. ஐடா கொடுத்தாள். பிலிமை இடது கையில் பிடித்துக்கொண்டு, லுவெல்லா ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தாள்.

"யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?"

எனக்கு அந்தப் பழக்கமில்லை. ஐடா விட்டு நாளாகிறது. அறையில் மிச்சமிருப்பது, இதைப் படிக்கிற நீங்கள்தான்.